ஒரு சேலை நீளம்

அத்தியாயம் பதினொன்று

டவுணில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையின் சாவி நித்யாவின் கைப்பையில் கிடந்தது. பால் காய்ச்சியாயிற்று. பாயும் பானையும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆனால் அந்த அறையில் இன்னும் ஒருவரும் படுத்து எழுந்திருக்கவில்லை.

அவளும் இசக்கிதுரையும் பிரிந்திருந்த கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். களக்காட்டுப் பக்கம் ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் வாழைத் தோட்டத்தில் அவனுக்கு வேலை. பகல் வேலை போக, மலையிலிருந்து இறங்கி வரும் பன்றிகளுக்காக ராக்காவலும் அவன் தலையில் விழுந்தது. மாசக்கணக்கில் வீட்டில் படுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு ராத்திரியில் நித்யா ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்து எழுந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றாள்.

நாலு மாசம் கழித்து அவன் வந்து கடை வாசலில் நின்றான். "வேலி கட்டியாச்சு நித்யா. இனி ராக்காவல் கிடையாது. காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிட்டு ராத்திரி வந்துருவேன்" என்றான்.

அதை நம்பித்தான் அறை பிடித்தது. ஆனாலும் அவள் ஒரு கையில் இன்னொரு கயிற்றையும் பிடித்து வைத்திருந்தாள். தங்கச்சி சுகன்யா திருப்பூரில் இருக்கிறாள். அங்கே பனியன் கம்பெனியில் இடம் சொல்லி வைத்திருக்கிறாள். வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமை காலையில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ஞாயிறு. ராத்திரி அவன் அந்த அறையில் வந்து படுத்தால் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். படுக்காவிட்டால் பெட்டியைக் கட்டுவாள். இது அவனுக்கும் தெரியும்.

பகலைத் தோட்டத்தில் கழிப்போம் என்று சொன்னவன் அவன்தான்.

பஸ் பத்தமடையைத் தாண்டியதிலிருந்து பேச்சிஸ்ரீ ஓயவில்லை. ஐந்து வயசு. வாய் மட்டும் ஐம்பது வயசு.

"ஆட்டுக்குட்டி இருக்குமாப்பா?"

"இருக்கும்."

"முட்டுமா?"

"நீ முட்டுனா அதும் முட்டும்."

"நான் முட்ட மாட்டேன். ஆனா அதுகிட்ட யாரு சொல்லுவா?"

நித்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். உடனே அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் என்ன அவசரம் என்று இருந்தது அவளுக்கு.

அண்ணாச்சி தோட்டத்தின் கிழக்குப் பக்கத்தை அவருடைய மருமகள் பிருந்தா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருந்தாள். பாளையங்கோட்டையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகள் ஆட்டுக்குக் குழை கொடுக்கும். ஆளுக்கொரு வாழைக்கன்று நடும். பம்புசெட் தொட்டியில் குதிக்கும். மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. இடுப்பு ஒடிய ஒடியச் செய்கிற வேலையை ஒரு பொழுது விளையாட்டாகச் செய்து பார்க்க இத்தனை பேருக்கு ஆசை இருக்கும் என்று நித்யா நினைத்ததே இல்லை.

வாசலுக்குள் நுழையும்போதே இசக்கிதுரை சொல்லிவிட்டான். "இன்னைக்கு நான் வேலையாளு கிடையாது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பாக்க வந்தவன்."

"அதை அவியகிட்ட சொல்லுங்க" என்றாள் நித்யா.

பிருந்தா நல்ல பெண்தான். ஓடி வந்து பேச்சிஸ்ரீயின் தலையில் ஓலைத் தொப்பியை வைத்தாள். நித்யாவின் கையைப் பிடித்து, "வாங்க, வாங்க, உங்களைப் பத்தி இசக்கி சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள். பிறகு அதே மூச்சில், "இசக்கி, அந்தத் தண்ணிக் கேனை மட்டும் கொஞ்சம் நிழல்ல தூக்கி வச்சிருங்களேன்" என்றாள்.

அவன் பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் போனான்.

அந்த 'மட்டும்' அன்றைக்கு அடங்கவே இல்லை. பாத்தியை மட்டும் வெட்டிவிடுங்கள். மோட்டாரை மட்டும் போட்டுவிடுங்கள். ஒரு தூத்துக்குடிக்காரர், "அண்ணே, அந்த வாழைத்தாரைத் தோள்ல வச்சு ஒரு நிமிசம் மட்டும் நில்லுங்க, பையன் கூட ஒரு போட்டோ" என்றார். ஒன்றுக்கும் இவன் வாயிலிருந்து மாட்டேன் என்று வரவில்லை. மாட்டேன் என்ற சொல்லை யாரோ அவன் நாக்கிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்ட மாதிரி.

கன்று நட்ட பையன் ஒருவன் பழம் எப்போது வரும் என்று கேட்டான். பத்து மாசம் ஆகும் என்று இசக்கிதுரை சொன்னதும் ஓவென்று அழ ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிஸ்ரீ சிரிக்கவில்லை. அவள் தொட்டிக் கரையில் ஈரத்தோடு நின்று, "அப்பா எப்பம்மா வருவாவ? என்னைய முங்க வைக்கேன்னாவல்லா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வருவாவ."

"வந்துக்கிட்டே இருக்காவளா?"

"ஆமா. வந்துக்கிட்டேதான் இருக்காவ."

நித்யா செல்போனில் மணி பார்த்தாள். சாயங்கால மினி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. உட்கார்ந்தாள். எழுந்தாள். சுடிதார்க் காலில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தாள். அவளும் விருந்தாளியாக வந்தவள்தான். ஆனால் எந்தப் பக்கம் உட்கார்வது என்று தெரியவில்லை. கார்க்காரப் பெண்கள் இருந்த கட்டிலில் இடம் கிடந்தது. சமையல் பெண்கள் இருந்த அடுப்படியிலும் இடம் கிடந்தது.

சாப்பாடு முடிந்த நேரத்தில் ஆட்டுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. பேச்சிஸ்ரீ அதன் பின்னால் ஓடினாள். நித்யா இரண்டின் பின்னாலும் ஓடினாள்.

வாழைகளுக்கு நடுவே நிழல் பச்சையாகக் கிடந்தது. ஏத்தன் ரக வாழைத்தார்கள் முற்றித் தொங்கின. ஒவ்வொரு வாழைக்கும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதெல்லாம் அவன் கை வேலை. அவன் முடிச்சுப் போடும் விதம் அவளுக்குத் தெரியும். மூன்று சுற்று, கடைசியில் ஒரு திருகு.

தோட்டத்தின் மேற்கு எல்லையில் குட்டி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தரிசு, அதற்கப்பால் மலை. எல்லை நெடுகக் கம்பு ஊன்றிச் சேலைகளை நீளவாக்கில் கட்டியிருந்தார்கள். காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்கிறது என்று நினைத்துப் பன்றி ஒதுங்கிப் போகும். களக்காட்டுப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இப்படித்தான். மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை என்று வெளுத்தும் வெளுக்காமலும் ஒன்றின் வால் ஒன்றோடு கட்டிக்கிடந்தது.

"எம்மா, உங்க கடை மாதிரியே இருக்கு!" என்று பேச்சிஸ்ரீ கத்தினாள். ஒவ்வொரு சேலையாகத் தொட்டுக்கொண்டே ஓடினாள். "இது வேணுமாக்கா? இது பாருங்கக்கா. இது சாயம் போவாதுக்கா!"

தான் கடையில் பேசுவதைப் பிள்ளை அச்சாகப் பேசிக் காட்டியதில் நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் அடக்காமல் சிரித்த முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே மூலை வரைக்கும் வந்தாள்.

மூலையில் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறம். வெள்ளைப் பொட்டுப் போட்ட நூல் சேலை. நடுவில் ஒரு சாண் கிழிசலைச் சிவப்பு நூலால் இழையோடித் தைத்திருந்தது. அந்தச் சமயம் வீட்டில் வேறு நூல் இல்லை.

தைத்தவள் அவள்தான்.

நித்யா சேலையைத் தொடவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு தலைப்பிலும் கயிறு அழுத்திய சுருக்கம் இன்னும் நிமிராமல் இருந்தது. பேச்சிஸ்ரீ பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு உத்தரத்தில் கட்டிய தொட்டில் சேலை. இரண்டு வருசம் பிள்ளை அதில்தான் ஆடினாள். பிறகு துவைத்து, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். வீட்டை விட்டுப் போன அவசரத்தில் எடுக்கத் தோன்றவில்லை.

சுகன்யாவுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இப்போது எட்டாம் மாசம். "அக்கா, பேச்சி ஆடுன சேலையைத் தா. நல்லாப் பிழைச்ச பிள்ளை ஆடுன தொட்டில்ல எம் பிள்ளையும் ஆடட்டும்" என்று கேட்டிருந்தாள். நித்யா போன வாரம் இசக்கிதுரையிடம் சொன்னாள். பெட்டியில்தான் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்றான் இவன்.

"பாப்பா" என்றாள் நித்யா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிட்டு வா. அம்மா கூப்பிடுதான்னு சொல்லு. யாரு என்ன வேலை சொன்னாலும் விடாத. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா."

அவன் சிரித்துக்கொண்டே வந்தான், பிள்ளை இழுத்த இழுப்புக்கு. அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது எப்படி இங்கன வந்துச்சு?"

அவன் சேலையைப் பார்த்தான். ஆட்டுக்குட்டியைப் பார்த்தான்.

"ஆட்டுக்குட்டி சொல்லாது. நீங்க சொல்லுங்க."

"ஒரு சேலை பத்தல, நித்யா."

"என்னது?"

"அண்ணாச்சி வீட்டுல ஒரு மூட்டை தந்தாவ. வடக்க இருந்து கட்டிக்கிட்டே வந்தேன். இந்த முக்குல ஒரு சேலை நீளத்துக்குத் தொறந்து கிடந்துச்சு. பன்னிக்கு அது போதும்லா. இது அடைபட்டாத்தான் ராக்காவல் வேண்டாம்னு அண்ணாச்சி சொன்னாவ." அவன் பைய மூச்சு விட்டான். "உங்கிட்ட வரணும்னுதான் கட்டுனேன்."

அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. தைத்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

"பெட்டியில இருக்குன்னு எதுக்குச் சொன்னீய?"

"வேற சேலை கிடைச்சதும் மாத்தி, துவைச்சு மடிச்சு வச்சிரலாம்னு..."

"வெயில்லயும் மழையிலயும் கிடந்ததையா? பன்னிக்குக் கட்டுன சேலையில எந்தங்கச்சி பிள்ளையைப் போடச் சொல்லுதீயளா?"

"சத்தம் போடாத. அங்கன ஆளு இருக்கு."

"அண்ணாச்சி வீட்டுல இன்னொரு சேலை கேட்டா என்ன?"

"ஒரு தரம் தந்துட்டாவல்லா. திரும்பப் போய் எப்படிக் கேக்க? கூச்சமா இருந்துச்சு."

"எங்கிட்டக் கேட்டா என்ன?"

"நீ வீட்டாளுல்லா."

நித்யா அவனையே பார்த்தாள். மெலிந்திருந்தான். தோளில் தார் சுமந்த கறை கருப்பாகப் படிந்திருந்தது. நல்லவன்தான். அதுதான் கஷ்டம்.

"அவியகிட்டக் கேக்கக் கூசுது. எங்கிட்டக் கேக்காம எடுக்கக் கூசல" என்றாள். "ஊருல எல்லாருக்கும் நீங்க கூசுவீய. என்னையத் தவிர."

அவள் கம்பில் இருந்த முடிச்சில் கை வைத்தாள். மூன்று சுற்று, கடைசியில் ஒரு திருகு. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது.

"அவுக்காத நித்யா."

"ஏன்?"

"அவுத்தா இன்னைக்கு ராத்திரி நான் இங்கன கிடக்கணும். டவுணுக்கு வர முடியாது."

அவள் கை நின்றது. இந்த முடிச்சு இப்படியே இருந்தால் ராத்திரி அவன் வருவான். அந்த அறையில் மூன்று பேரும் படுப்பார்கள். காலையில் சுகன்யாவிடம் வரவில்லை என்று சொல்லலாம். சேலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவிழ்த்தால் சேலை வரும். அவன் வரமாட்டான்.

"போய்க் கேளுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"ஒரு பழைய சேலை. அண்ணாச்சிகிட்டப் போய்க் கேளுங்க. இப்பவே."

"அத்தனை பேரு இருக்கும்போதா?"

"அத்தனை பேரு இருக்கும்போதுதான்."

அவன் தலையைச் சொறிந்தான். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். பிறகு நடந்தான். நித்யா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வாழைகளுக்கு இடையே நின்று பார்த்தாள். தொட்டிக் கரையில் கூட்டம் இருந்தது. அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவன் அவர் பக்கத்தில் போய் நின்றான். கையைப் பின்னால் கட்டினான். வாயைத் திறந்தான்.

"ஆ, இசக்கி! நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள் பிருந்தா. "எல்லாரும் கிளம்பப் போறாங்க. ஒரு தாரை மட்டும் வெட்டிக் காட்டிருங்க."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அவன் குனிந்து அரிவாளை எடுத்தான்.

நித்யா அதற்கு மேல் நிற்கவில்லை. திரும்பிப் போய் முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். நகம் பிளந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். சேலையில் மண் வாசனை, ஆட்டு வாசனை, நாள்பட்ட மழை வாசனை. ஒரு தலைப்பு அவிழ்ந்தது. மறு தலைப்பும் அவிழ்ந்தது. வேலியில் வாசல் மாதிரி ஒரு வெளி திறந்தது. அந்தப் பக்கம் மலை, ஒன்றும் தெரியாதது போல நின்றது.

சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு பிள்ளையோடு அவள் தொட்டிக் கரைக்கு வந்தபோது கை தட்டும் சத்தம் கேட்டது. இசக்கிதுரை தாரை வெட்டித் தோளில் ஏந்தி நின்றான். தாரின் பால் அவன் கழுத்தில் வடிந்தது. இறக்கி வைக்க வேண்டியவன் இறக்கவில்லை. அவள் கையிலிருந்த சேலையைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி" என்றான். இன்னொரு தரம், உரக்க: "அண்ணாச்சி, ஒரு பழைய சேலை வேணும்."

"எதுக்குலே?"

"வேலிக்கு. மேற்கு முக்குல நான் கட்டுனது எம் பொஞ்சாதி சேலை. எம் பிள்ளை ஆடுன தொட்டில் சேலை. அவகிட்டக் கேக்காம எடுத்துட்டேன். திருப்பிக் குடுக்கணும்."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. ஒரு கார்க்காரப் பெண் நித்யாவைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள். நித்யாவுக்கு நிலத்துக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அதே நேரத்தில் நிமிர்ந்தும் நின்றாள். எப்படி இரண்டும் ஒன்றாக நடக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை.

"கேட்டிருந்தா தந்திருப்போம்லா வே" என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை. "எம் வீட்டுக்காரி வடிவம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருக்கா. பீரோ சாவி அவ இடுப்புல. செவ்வாக்கிழமை வந்துருவா. அதுவரைக்கும் ராத்திரி நீ இருந்துக்கோ. ரெண்டு ராத்திரிதானே?"

"எங்கிட்ட சேலைன்னு பார்த்தா கல்யாணப் பட்டு மட்டும்தான்" என்றாள் பிருந்தா சங்கடத்தோடு.

"எங்க கார்ல பிளாஸ்டிக் பாய் ஒண்ணு கிடக்கு, அது ஆகுமா?" என்று கேட்டார் தூத்துக்குடிக்காரர்.

"அது காத்துக்குப் பறந்து பன்னி தலையிலதான் விழும்" என்றார் அண்ணாச்சி.

இசக்கிதுரை தாரைப் பைய இறக்கி இலை மேல் வைத்தான். கழுத்தைத் துடைத்தான்.

"இன்னைக்கு முடியாது அண்ணாச்சி."

"என்னலே முடியாது?"

"ராத்திரி இருக்க முடியாது. வீட்டுக்குப் போறேன்."

"பன்னி வந்தா?"

வராது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வரும்" என்றான்.

அண்ணாச்சி இளநீரைக் கீழே வைத்தார். "எல்லாம் முத்துன தாரு. உள்ள பூந்து வாழையைச் சாய்ச்சுப் போட்டுட்டுன்னா, அப்புறம் உன்னைய நான் வேலைக்குக் கூப்பிடணுமா வேண்டாமா? நீயே சொல்லு பாப்போம்."

இருங்க என்ற சொல் நித்யாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்கள் இருங்கள், நாங்கள் போய்க்கொள்கிறோம், கேட்டுவிட்டீர்களே அது போதும். வந்ததை அப்படியே விழுங்கினாள். சரியா தப்பா தெரியவில்லை. விழுங்கிவிட்டாள்.

மினி பஸ்ஸில் கூட்டம் இல்லை. மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சேலை நித்யாவின் மடியில் இருந்தது. இதைச் சுகன்யாவுக்குக் கொடுப்பதா, கொடுத்தால் எங்கே கிடந்தது என்று சொல்வதா என்று ஒன்றும் ஓடவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவன் கழுத்தும் மலைப் பக்கம் திரும்பியது. ஆள் இங்கே இருந்தான். காது தோட்டத்தில் இருந்தது.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. சுகன்யா. நித்யா எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பேச்சிஸ்ரீ தொப்பியைக் கழற்றாமலே அப்பாவின் தொடையில் ஏறி நின்றாள்.

"அப்பா, அங்கன இப்பச் சேலை இல்லல்லா?"

"இல்ல."

"பன்னிக்குத் தெரியுமா?"

இசக்கிதுரை நித்யாவைப் பார்த்தான். நித்யா அவனைப் பார்த்தாள். வெளியே வயலும் தென்னையும் இருட்டத் தொடங்கியிருந்தன.

"காலையில நமக்குத் தெரியும் பாப்பா" என்றான்.